எட்டு மாதம் கழற்றாத டிஷ்வாஷர் ஃபில்டர்

அம்மாதான் முதலில் கவனித்தார். காலையில் காபி குடித்து முடித்ததும் டம்ளரின் அடியைச் சுண்டுவிரலால் தடவிப் பார்த்து, "உள்ளே நெருநெருன்னு மண்ணு மாதிரி இருக்குடா, இதுலதான் தினமும் குடிக்கிறோமா?" என்றார். வாங்கிப் பார்த்தேன். வெளியே பளபளவென்று இருந்த எவர்சில்வர் டம்ளரின் உள்ளடியில் மெல்லிய சாம்பல் நிறப் படலம், தொட்டால் பொடியாக வந்தது. அலமாரியில் இருந்த மற்ற டம்ளர்களையும் எடுத்துப் பார்த்தேன், பாதிக்கு மேல் அப்படித்தான்.

எங்கள் வீட்டு டிஷ்வாஷர் 2020 ஊரடங்கில் வாங்கியது. வீட்டு வேலைக்கு வரும் அக்கா குடியிருப்புக்குள் வர முடியாமல் போன மாதங்களில், நான்கு பேர் மூன்று வேளை சாப்பிட்ட பாத்திரங்களோடு போராடிவிட்டு வாங்கினோம். 13 செட் அளவு, முன்பக்கம் திறப்பது, இப்போது எல்லாக் கடைகளிலும் கிடைக்கும் சாதாரண வகைதான். சென்னை மேடவாக்கத்தில் இருக்கிறோம். போர் தண்ணீரும் லாரித் தண்ணீரும் ஒரே தொட்டியில் கலந்து மேலே ஏறும், அதனால் இன்று வரும் தண்ணீர் நாளை வரும் தண்ணீர் மாதிரி இருக்காது. வாங்கிய முதல் சில வருடங்கள் ஃபில்டரை நான்தான் வாராவாரம் கழுவிக்கொண்டிருந்தேன். போன வருடம் வேலைக்காக எட்டு மாதம் புனேயில் இருக்க வேண்டி வந்தது. அந்த எட்டு மாதமும் இயந்திரம் தினமும் ஓடியிருக்கிறது, ஃபில்டரை யாரும் கழற்றவில்லை. கழற்ற வேண்டும் என்று நான் யாருக்கும் சொல்லிவிட்டுப் போகவில்லை, அதுதான் காரணம்.

டம்ளர் மண் மட்டும் இல்லை. கதவைத் திறந்தால் தேங்கிய சாக்கடை போல ஒரு வாடை வந்தது. கீழ்த்தட்டில் வைத்த தட்டுகள் ஓரளவு சுத்தமாக வர, மேல்தட்டு டபராக்களில் பால் ஆடை ஒட்டியபடியே வந்தது. தம்பி இரண்டு முறை இயந்திரத்தில் போடும் சோப்பு டேப்லெட்டின் பிராண்டை மாற்றிப் பார்த்திருக்கிறான், 70 டிகிரியில் ஓட்டியும் பார்த்திருக்கிறான், இரண்டு நாள் வாடை குறைந்து மறுபடி வந்துவிட்டதாம். சர்வீஸுக்குப் போன் செய்தபோது, பார்க்காமலேயே பம்ப் மாற்ற வேண்டியிருக்கலாம் என்றார்கள். சரி, அதற்கு முன்னால் நாமே ஒரு முறை முழுதாகத் திறந்து பார்த்துவிடலாம் என்று ஒரு ஞாயிறு காலை உட்கார்ந்தேன்.

செய்ததைச் சொல்வதற்கு முன்னால் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது தெரிந்தால் ஃபில்டரை யாரும் அலட்சியமாக விடமாட்டார்கள். டிஷ்வாஷர் உள்ளே குழாய்த் தண்ணீர் தொடர்ந்து வந்து பாத்திரத்தைக் கழுவிக்கொண்டு போவதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஒரு முழு ஓட்டத்துக்கே மொத்தம் 10 லிட்டர் சுற்றித்தான் செலவாகும். ஒவ்வொரு கட்டத்துக்கும் மூன்று நான்கு லிட்டரை உள்ளே எடுத்துக்கொண்டு, அதே தண்ணீரைத்தான் பம்ப் திரும்பத் திரும்ப மேலே பீய்ச்சுகிறது. பாத்திரத்தில் பட்டு வழியும் தண்ணீர் அடியில் இருக்கும் ஃபில்டர் வழியாக இறங்கி, பம்புக்குப் போய், மறுபடி, சுழன்றபடி தண்ணீர் பீய்ச்சும் பிளாஸ்டிக் கைகளின் ஓட்டைகள் வழியே மேலே வருகிறது. அரை மணி நேரம் உங்கள் டம்ளரில் அடிக்கும் தண்ணீர் சுத்தமானதா அழுக்கானதா என்று தீர்மானிப்பது அந்த ஃபில்டர் ஒன்றுதான். அது அடைத்துக்கொண்டால் பம்புக்குப் போதுமான தண்ணீர் கிடைக்காது, அழுத்தம் விழும், மேல்தட்டு வரை வேகம் போகாது. அடைப்பைத் தாண்டி நழுவும் பொடி எல்லாம், கவிழ்த்து வைத்த டம்ளருக்குள் நேராகப் போய் உள்ளடியில் ஒட்டிக்கொள்ளும். எங்கள் வீட்டில் நடந்தது அச்சு அசலாக இதுதான்.

முதலில் 16 ஆம்பியர் பிளக்கை உருவிவிட்டுக் கீழ்த்தட்டை முழுவதுமாக வெளியே எடுத்து வைத்தேன். அடியில் நடுவே ஒரு உருளை தெரியும், அதன் தலையில் பிடி இருக்கும், இடப்பக்கம் திருப்பித் தூக்கினால் வர வேண்டும். வரவில்லை. பலத்தைக் காட்டினால் பிளாஸ்டிக் பிடி உடையும், அதனால் இரண்டு குவளை கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் விட்டேன். பிறகு திருப்பியதும் ஒரு சத்தத்தோடு கழன்று வந்தது, கூடவே அந்த வாடையும்.

உள்ளே இருந்ததை ஒரு பழைய தட்டில் கொட்டிப் பார்த்தேன். கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலைக் காம்பு, புளி நார், முருங்கைக்காய்ச் சக்கையின் நூல், ஊறுகாய் பாட்டிலின் காகித லேபிள் ஊறிப்போய் கஞ்சியாக, இரண்டு பல்குத்தும் குச்சி, காபிப்பொடிச் சண்டு. நம் சமையலின் தாளிப்பு முழுவதும் அங்கே இருந்தது. இவை எல்லாவற்றையும் ஒன்றாகப் பிடித்து வைத்திருந்தது மெழுகு போன்ற ஒரு சாம்பல் நிறப் பசை. இது வெறும் எண்ணெய் இல்லை. உப்புத் தண்ணீரில் இருக்கும் கால்சியம், எண்ணெயும் நெய்யும் உடைந்து வரும் கொழுப்பு அமிலத்தோடு சேர்ந்து, தண்ணீரில் கரையாத ஒரு வகைச் சோப்பாக மாறிவிடும். போர் தண்ணீரில் சோப்புப் போட்டால் நுரை வராமல் திரிதிரியாக மிதக்குமே, அதே விஷயம்தான். அதனால்தான் உப்புத் தண்ணீர் உள்ள வீட்டில் ஃபில்டர் சீக்கிரம் அடைக்கிறது, வெறும் குழாய்த் தண்ணீரில் அலசினால் போவதும் இல்லை.

ஃபில்டர் என்பது ஒரே பொருள் இல்லை, இதையும் கவனிக்க வேண்டும். எங்களுடையதில் மூன்று பகுதி. பெரிய துணுக்குகளைப் பிடிக்கும் பெரிய கண் உருளை, அதைச் சுற்றி மெல்லிய வலை போர்த்திய இன்னொரு உருளை, இரண்டுக்கும் கீழே தட்டையாக ஒரு எவர்சில்வர் சல்லடைத் தகடு. உருளையை மட்டும் எடுத்து அலசிவிட்டு மாட்டுகிறவர்கள் அதிகம். உள் உருளை வெளி உருளையிலிருந்து பிரியும் என்பது கூடப் பலருக்குத் தெரியாது. பிரித்தால்தான் நடுவே சிக்கியது வெளியே வரும்.

கழுவுவதற்கு நான் நம்புவது டிஷ்வாஷர் பவுடரையேதான். ஒரு வாளியில் சுடுதண்ணீர், ஒரு மேசைக்கரண்டி பவுடர், மூன்று பகுதிகளையும் மூழ்க வைத்து அரை மணி நேரம். மாவுச்சத்தையும் புரதத்தையும் உடைக்கும் என்சைம்கள் அதில் இருக்கின்றன, காரத்தன்மையும் அதிகம், அதனால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். ஊறியதும் பழைய மென்மையான பல்துலக்கியால் தேய்த்தேன். வலையைத் தேய்க்கும்போதும் அலசும்போதும் தண்ணீர் வெளிப்பக்கத்திலிருந்து உள்பக்கமாக அடிக்க வேண்டும், ஏனென்றால் அழுக்கு உள்ளேயிருந்து வந்து வலையில் குத்திக்கொண்டிருக்கிறது, எதிர்த்திசையில் தள்ளினால்தான் கழலும். கம்பி நார் வேண்டவே வேண்டாம். வலையில் ஒரு கண் கிழிந்தால் கூட அந்த ஃபில்டர் போனதுதான், புதிதுதான் வாங்க வேண்டும். சுத்தமாகிவிட்டதா என்று கண்ணால் மேலோட்டமாகப் பார்த்துத் தெரியாது. ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன், மேல்பாதியில் வெளிச்சம் வந்தது, கீழ்ப்பாதி இருட்டு. இன்னொரு முறை ஊற வைத்த பிறகுதான் முழு வலையும் தெளிந்தது.

அது ஊறும் நேரத்தில் கீழே இருக்கும் குழியைப் பார்த்தேன். அங்கே கொஞ்சம் தண்ணீர் நிற்பது இயல்பு, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஆனால் எங்கள் குழியில் நின்றது கரண்டியால் அள்ளும் அளவுக்கு இருந்தது, கறுப்பாகவும் இருந்தது. கையை அப்படியே விடாதீர்கள். எப்போதோ உடைந்த கண்ணாடித் துண்டு அங்கே கிடக்கலாம். நான் குழிக்கரண்டியால் மொண்டு, மீதியை ஸ்பாஞ்சால் ஒற்றி எடுத்தேன், ஸ்பாஞ்சில் அரிசி அளவுக் கண்ணாடிச் சில்லு ஒன்று குத்தியபடி வந்தது.

குழியின் ஓரத்தில், தண்ணீரை வெளியே தள்ளும் பம்புக்கு ஒரு வெள்ளை மூடி உண்டு. எங்கள் மாடலில் ஒரு ஸ்பூனின் காம்பை வைத்து நெம்பினால் அது உள்பக்கமாகச் சாய்ந்து வரும், கையேட்டில் படத்தோடு போட்டிருக்கிறது. உங்கள் இயந்திரத்தில் திருகு இருக்கலாம், கையேட்டைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். மூடியை எடுத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தால் சின்ன விசிறிச் சக்கரம் தெரிந்தது, அதன் இதழில் நீலமாக ஏதோ சுற்றிக்கொண்டிருந்தது. இடுக்கியால் மெல்ல இழுத்தேன். பால் பாக்கெட்டின் வெட்டிய மூலை! கத்தரித்ததும் பாத்திரத்தில் விழுந்து, பாத்திரத்தோடு உள்ளே போய், சரியாகப் பூட்டாத ஃபில்டரின் இடுக்கு வழியே நழுவியிருக்க வேண்டும். பம்ப் கெட்டுப்போகவில்லை, நகத்தின் அளவு பிளாஸ்டிக் ஒன்று அதைத் திணற வைத்திருக்கிறது. விரலால் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தேன். விட்டு விட்டு, துடித்துத் துடித்துத்தான் சுற்றும். உள்ளே காந்தம் இருப்பதால் அப்படி, அதைக் கோளாறு என்று நினைக்க வேண்டாம். சுற்றவே மறுத்தால்தான் பிரச்சினை. அன்று மாலையே அம்மாவும் தம்பியும் கேட்கும்படி சொல்லிவிட்டேன், பால் பாக்கெட்டை இனி மூலை தனியே விழும்படி வெட்ட வேண்டாம், ஓரத்தில் ஒட்டிக்கொண்டே இருக்கும்படி பாதி வெட்டினால் போதும்.

அடுத்து சுழலும் கைகள். கீழ்க்கையை நேராக மேலே இழுத்தால் வந்துவிடும், மேல்கைக்கு ஒரு நட்டுத் திருக வேண்டும். கையில் எடுத்துக் குலுக்கியதும் கிலுகிலுப்பை மாதிரி சத்தம். கடுகுதான். அந்த ஓட்டைகளின் அகலமும் நம் கடுகின் அகலமும் கிட்டத்தட்ட ஒன்று, போய் அடைத்தால் மூடி போட்ட மாதிரி உட்கார்ந்துகொள்ளும். பல்குத்தும் குச்சியால் குத்தச் சொல்வார்கள், நான் அதைச் செய்வதில்லை, நனைந்ததும் முனை உள்ளேயே ஒடிந்துவிடும். ஊசி பிளாஸ்டிக்கைக் கீறி ஓட்டையின் கோணத்தைக் கெடுக்கும். தென்னை விளக்குமாற்றிலிருந்து உருவிய ஈர்க்குச்சிதான் சரி. வளையும், ஒடியாது, நுனி மெலிந்து உள்ளே போகும். ஒவ்வொரு ஓட்டையாகக் குத்தி, பிறகு கையின் நடுத்துவாரத்தைக் குழாயில் வைத்து முழு வேகத்தில் திறந்தால் கடுகுகள் பின்வழியாக வெளியே கொட்டின. இருபதுக்கும் மேல் எண்ணிவிட்டு நிறுத்திவிட்டேன். மேல்தட்டு டபரா ஏன் கழுவப்படவில்லை என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டியதில்லை.

கதவின் அடிவிளிம்பையும் மறக்க வேண்டாம். தண்ணீர் பீய்ச்சும் எல்லைக்கு வெளியே இருக்கும் இடம் அது, இயந்திரம் தன்னால் அங்கே ஒருநாளும் கழுவாது. ரப்பரை லேசாக விலக்கி ஈரத்துணியால் துடைத்தால் வருவது கறுப்பாக இருக்கும். வாடையில் பாதி அங்கிருந்துதான் வந்திருக்கிறது என்று துடைத்த பிறகுதான் புரிந்தது.

எல்லாவற்றையும் திருப்பி மாட்டும்போது ஒரே ஒரு கவனம். உருளையின் தலையிலும் தட்டையான தகட்டிலும் அம்புக்குறிகள் இருக்கும், இரண்டும் நேருக்கு நேர் வரும் வரை வலப்பக்கம் திருப்ப வேண்டும். பூட்டாமல் சும்மா உட்கார வைத்தால் உருளை கொஞ்சம் மேலே நிற்கும், கீழ்க்கை சுற்றும்போது அதில் தட்டும். மாட்டியதும் கீழ்க்கையை விரலால் ஒரு முழுச்சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் தட்டை உள்ளே தள்ளுகிறேன்.

பிறகு பாத்திரம் எதுவும் இல்லாமல் இரண்டு ஓட்டம். முதலாவது பவுடர் போட்டு 70 டிகிரியில், குழாய்களுக்குள் மிச்சமிருக்கும் கொழுப்புக்காக. இரண்டாவது எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலம் போட்டு, உப்புப் படிவத்துக்காக. இந்த வரிசை முக்கியம். கொழுப்பு மேலே போர்த்தியிருந்தால் அமிலம் படிவத்தைத் தொடவே முடியாது. இரண்டையும் சேர்த்துப் போட்டால் காரமும் அமிலமும் ஒன்றையொன்று அணைத்துவிடும், இரண்டும் வீண். எலுமிச்சை உப்பு நாட்டு மருந்துக் கடையிலும் பெரிய மளிகைக் கடையிலும் கிடைக்கும், நான் எடுத்துக்கொண்டது நான்கு மேசைக்கரண்டி. ஆரம்பத்திலேயே அடியில் தூவினால் முதல் அலசலோடு வெளியே போய்விடும், அதனால் முதல் தண்ணீர் வெளியேறி அடுத்தது நிரம்பும் வரை காத்திருந்து, கதவை மெதுவாகத் திறந்து தூவினேன். 50 டிகிரி போதும். தண்ணீர் மிகவும் சூடானால் கால்சியம் சிட்ரேட் என்று வேறொரு வெள்ளைப் படிவு உண்டாக வாய்ப்பிருக்கிறது. வினிகரை அடிக்கடி ஊற்றுவதில் எனக்கு விருப்பமில்லை, ரப்பருக்கு நல்லதில்லை. பிளீச்சிங் பக்கமே போகாதீர்கள். குளோரின் எவர்சில்வரைப் புள்ளிப் புள்ளியாக அரிக்கும், அமிலத்தோடு சேர்ந்தால் நச்சு வாயு வரும்.

இதோடு முடிந்திருக்கலாம், ஆனால் அந்தச் சாம்பல் பசை மறுபடி சேராமல் இருக்கத் தண்ணீரைப் பற்றி யோசித்தே ஆக வேண்டும். டிஷ்வாஷருக்குள் தண்ணீரை மென்மையாக்கும் பிசின் மணிகள் கொண்ட ஒரு பகுதி இருக்கிறது. கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும், நாம் போடும் உப்பு அந்த மணிகளை மறுபடி தயார்படுத்தும். எவ்வளவு உப்பை எடுத்துக்கொள்வது என்பதை நாம்தான் அமைத்துக் கொடுக்க வேண்டும். எங்களுடையதில் கடையிலிருந்து வந்தபோது இருந்த மிதமான அளவே இத்தனை வருடமும் இருந்திருக்கிறது, இதை நானும் பார்க்காமல் விட்டிருக்கிறேன். டி.டி.எஸ். மீட்டர் இதற்கு உதவாது, அது கரைந்திருக்கும் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லும், கால்சியம் மெக்னீசியம் எவ்வளவு என்று சொல்லாது. கொளத்தூரில் வண்ண மீன் கடைகளில், தொட்டித் தண்ணீரின் கடினத்தன்மையைப் பார்க்கச் சொட்டு மருந்து விற்கிறார்கள், அதை வாங்கி வந்தேன். 5 மில்லி தண்ணீரில் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மாறும் வரை எண்ண வேண்டும். ஒரு சொட்டு ஒரு ஜெர்மன் டிகிரி, அதாவது கால்சியம் கார்பனேட் கணக்கில் லிட்டருக்கு 17.8 மில்லிகிராம். எங்கள் தண்ணீருக்கு 25 சொட்டு ஆனது, கணக்குப் போட்டால் 445 மில்லிகிராம். குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500 ஏற்கத்தக்கது என்று வைத்திருப்பது 200, வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை. நாங்கள் நடுவில் நிற்கிறோம். கையேட்டு அட்டவணைப்படி அமைப்பை ஏற்றிவிட்டேன், உப்பு முன்பைவிடச் சீக்கிரம் தீர்கிறது, தீரட்டும்.

உப்பு என்றதும் கல்லுப்பைப் போடலாமா என்று மாடி வீட்டு மாமி கேட்டார். வேண்டாம் மாமி என்றேன். கல்லுப்பில் மண்ணும் மெக்னீசியமும் இருக்கும், தூள் உப்பில் அயோடினும் கட்டியாகாமல் இருக்கச் சேர்ப்பதும் இருக்கும், இரண்டுமே அந்த மணிகளுக்கு ஆகாது. டிஷ்வாஷருக்கென்று விற்கும் பெரிய பரல் உப்புதான். நிரப்பும்போது வெளியே சிந்தியதோடு விட்டால் உள்தகடு துருப்பிடிக்கும், நிரப்பிய கையோடு ஒரு ஓட்டம் ஓட்டிவிட வேண்டும்.

சமையலறைப் பழக்கத்தில் நாங்கள் மாற்றியது குறைவு. பாத்திரத்தைக் கழுவிவிட்டுப் போடத் தேவையில்லை, அப்படிச் செய்தால் இயந்திரம் எதற்கு. ஆனால் வழித்துவிட்டுப் போட வேண்டும். ரசத்தின் மண்டி, தாளிப்பு, காபிச் சண்டு இந்த மூன்றும் குப்பைக்கு. இட்லி மாவுப் பாத்திரம் காய விட்டால் பசைதான், அதில் மட்டும் தண்ணீர் ஊற்றி வைக்கிறோம். லேபிள் ஒட்டிய பாட்டில் உள்ளே போகாது. ஞாயிறு காலை ஃபில்டர், மாதம் ஒரு முறை கைகள், மூன்று மாதத்துக்கு ஒரு முறை எலுமிச்சை உப்பு. ஃபில்டருக்கு ஆகும் நேரம் பத்து நிமிடம் கூட இல்லை, பசை பிடிக்க விடாத வரைக்கும்.

ஃபில்டரின் வெள்ளை பிளாஸ்டிக் மஞ்சளாகிப் போனது மட்டும் எந்தப் பவுடருக்கும் அசையவில்லை. மஞ்சள்தூளின் நிறம் பிளாஸ்டிக்குக்குள் இறங்கிவிடும், அதற்கு வெயில்தான் எதிரி. பால்கனிக் கம்பியில் இரண்டு பகல் மாட்டி வைத்ததில் பாதிக்கு மேல் வெளுத்துவிட்டது. இயந்திரம் ஓடாத பகல் நேரத்தில்தான் இதைச் செய்ய முடியும், ஃபில்டர் இல்லாமல் ஒரு முறை கூட ஓட்டக் கூடாது.

அன்று இரவே போட்ட முதல் முழு ஓட்டத்தில் டம்ளர்கள் சுத்தமாக வந்தன. அம்மா விரலால் தடவிப் பார்த்தார், தடவிய விரலை எனக்கும் காட்டினார். வாடை மட்டும் இரண்டு மூன்று ஓட்டம் வரை லேசாக இருந்து பிறகு போனது.

போன வாரம் மிச்சம் இருந்த ஒன்றையும் பார்த்தேன். தண்ணீர் உள்ளே வரும் குழாய், சுவர்க் குழாயில் சேரும் இடத்தில், விரல்நுனி அளவு ஒரு சல்லடை இருக்கும். குழாயை மூடிவிட்டுத் திருகிக் கழற்றி, உள்ளங்கையில் தட்டினேன். ஒரு தேக்கரண்டி போர் மணல். அலசி, வாஷரைச் சரியாக உட்கார வைத்து, கையால் இறுக்கி, சொட்டுகிறதா என்று ஐந்து நிமிடம் காகிதம் விரித்துப் பார்த்தேன். காகிதம் நனையவில்லை. மதியப் பாத்திரங்களை அடுக்கிப் பொத்தானை அழுத்தினேன், தண்ணீர் ஏறும் சத்தம் முன்பைவிட வேகமாகக் கேட்டது.